வடிதாளில் ஒட்டிய மஞ்சள்

ஈப்போவில் வந்து இறங்கிய அன்றே என் பெட்டி காணாமல் போனது. துணிப் பெட்டியாக இருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். போனது மரப்பெட்டி. கண்ணாடிக் குடுவைகள், வடிதாள்கள், சாயப் பொட்டலங்கள், ஒரு கைவிளக்கு என்று என் பிழைப்பே அதற்குள் இருந்தது. வழியில் தாப்பாவில் யாருடைய கோழிக் கூடைகளோடோ சேர்த்து அதையும் இறக்கிவிட்டார்கள் என்று பஸ்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தாப்பாவுக்குத் திரும்பிப் போனேன். மலைக்குப் போகும் பஸ்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு காய்கறிக் கடை. என் பெட்டிமேல் முட்டைக்கோஸை அடுக்கி வைத்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. கடைக்காரச் சீனரிடம் சைகையில் கேட்டேன். அவர் தன் மனைவியிடம் என்னவோ சொல்ல, அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெரியவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "நல்ல உயரமான பெட்டி, சொந்தக்காரன் வராமலே இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சாங்களாம்." குடுவைகளில் மூன்றுதான் உடைந்திருந்தன. கிடைத்தவரை லாபம் என்று தூக்கிக்கொண்டு வந்தேன்.

இது எண்பதுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டில் நடந்தது. கோப்பெங்கைத் தாண்டி ஒரு சதுப்பு நிலம். பறவைகளுக்கென்று சட்டம் போட்டு ஒதுக்கியது. அங்கே மீன் செத்து மிதக்கிறது, நாரைகள் வருவது குறைந்துவிட்டது என்று புகார். சதுப்புக்கு மேற்கே கைவிட்ட ஈயச் சுரங்கத்துக் குளங்கள். கிழக்கே, விற்றுப்போன ரப்பர் தோட்டத்தின் மிச்சமாக, கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய பதினோரு லயத்து வீடுகள். அழுக்கு எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கோடிக்கரைச் சேற்றில் பத்து வருஷம் நின்றவன் என்பதால் எட்டு வாரத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

சதுப்பைக் கவனிக்கிற அலுவலகத்தில் இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "அந்த வீடுகளின் சாக்கடை சதுப்புக்குள் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அதை நிரூபித்தால் போதும். நிரூபித்த மாதமே அவர்களைக் காலி செய்யவைத்துவிடலாம். வீடுகள் இருப்பதே ஒதுக்கிய எல்லைக்குள்தான்."

எனக்கு முன்னாலேயே முடிவு வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. வந்த இடம் அந்நியம். தேநீரும் சூடாக இருந்தது.

தங்கியது ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி. கடைக்காரர் ஷாகுல் பாய் ராமநாதபுரத்துக்காரர், வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. காலையில் அவர் ரொட்டி சானாய் வீசுவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. மாவு துணி மாதிரி விரிந்து மேஜையில் விழும். நம் ஊர்ப் பரோட்டாவுக்குத் தங்கைதான், ஆனால் கொஞ்சம் மெலிந்த தங்கை. அதற்கு ஊற்றுகிற பருப்புக் குழம்பில் ஒரு தித்திப்பு உண்டு. "பாய், இதுல சீனி போடுறீங்களா?" என்று கேட்டேன். "இந்த ஊர் நாக்குக்கு அப்படித்தான் வேணும் தம்பி. ஒரு மாசம் போனா ஊர்க் கொழம்புதான் ஒங்களுக்குப் புளிக்கும்" என்றார்.

அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை. கூட்டம் அப்படி. நான் மாடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மாட்டிய சட்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள். நான் இந்த வேலைக்குக் கிளம்பி வந்ததில் என் மனைவிக்குக் கோபம். மூன்று ஏரோகிராம் போட்டும் பதில் இல்லை. முதல் பத்து நாளில் ஒருவர்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தமிழ் கேட்காத ஊரில் தனியாக இருந்துவிடலாம். சுற்றிலும் தமிழ் கேட்கிற ஊரில் தனியாக இருப்பது இருக்கிறதே, அது பெரிய கொடுமை.

படகுக்காரர் பாக் மாட் மலாய்க்காரர். நான் மலாய் அறியேன், அவர் தமிழ் அறியார். காலை எட்டு மணிக்கு ஒரு தலையாட்டல், மதியம் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை. மூன்றாம் நாள் ஆகாயத்தாமரை மோட்டாரில் சுற்றிப் படகு நின்றுவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தேன். இடுப்புவரை சேறு. பாக் மாட் என்னைத் துடுப்பால் இழுத்துப் போட்டுவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா சொல்றார்?" என்று கேட்டேன்.

"படிச்சவங்க தண்ணிய அளக்குறாங்க, ஆழத்த அளக்க மாட்டேங்கிறாங்கன்னு சொல்றாருலா."

அவர்தான் பாக்கியம். பேச்சின் வாலில் ஒரு 'லா' சேர்ப்பது அந்த ஊர்த் தமிழ். லயத்தில் மூன்றாவது வீடு. முப்பத்தைந்து வயதிருக்கும். தோட்டம் இருந்த காலத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், இப்போது ஈப்போவில் சட்டை தைக்கிற ஃபேக்டரியில் வேலை. புருஷன் லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒருநாள் வருவார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது, எந்நேரமும் தாயின் கைலி நுனியைப் பிடித்துக்கொண்டே நிற்கும்.

"சேறு காயட்டும், ஒக்காருங்க சார். தேத்தண்ணி கலக்கி வாரேன்" என்றார் பாக்கியம்.

"வேணாம்மா, எங்கிட்ட தண்ணி இருக்கு" என்று என் ஃபிளாஸ்க்கைக் காட்டினேன்.

சோதித்துப் பார்க்காத தண்ணீரை நான் வாயில் வைப்பதில்லை. இருபது வருஷப் பழக்கம். அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று தொடங்கி எந்த வீட்டில் கேட்டாலும் ஃபிளாஸ்க்கைக் காட்டினேன். ஒரு வாரத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். ஊரிலிருந்து வந்தவர் நம் கையால் தண்ணீர் குடிக்க மாட்டார் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். அந்த அர்த்தம் அவர்களுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் போய் விளக்கவில்லை. என்னிடம் இருக்கிற பெரிய குறை இது.

நாலாவது வாரம் சோதனையை ஆரம்பித்தேன். முறை எளிமையானது. லயத்துக் காவாயில், அதாவது சாக்கடையில், ஒரு சாயத்தைக் கரைத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு நீர்த்துப் போனாலும், ஊதா ஒளி விடும் கைவிளக்கைக் காட்டினால் மஞ்சளும் பச்சையுமாக மின்னும். சதுப்புத் தண்ணீரில் மின்னினால் சாக்கடை அங்கே போகிறது என்று அர்த்தம். மின்னாவிட்டால் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயத்தைக் கரைத்தேன். திங்களன்று சதுப்பில் தண்ணீர் எடுப்பதாகத் திட்டம்.

கிளம்பும்போது பாக்கியம் கூப்பிட்டார். "சார், நம்ம மாரியம்மன் கோயில்ல இப்ப திருவிழா. ஞாயித்துக்கெழம மஞ்சத் தண்ணி. வாங்கலா, சாப்பாடு இருக்கு."

மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாட என்னைக் கூப்பிடுகிறார்களே, சட்டை என்ன ஆவது என்றுதான் எனக்குத் தோன்றியது. "வேலை இருக்கும்மா" என்றேன். வேலை ஒன்றுமில்லை. ஞாயிறு முழுக்க மாடியில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்களன்று தண்ணீர் எடுத்து வந்து, ஜன்னலைச் சாத்தி, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு விளக்கைக் காட்டினேன். லயத்துப் பக்கக் கரைத் தண்ணீர் மின்னியது. வடிகட்டியபோது தாளிலும் மெல்லிய மஞ்சள் ஒட்டியிருந்தது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் மின்னியது. அன்றைக்கே அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: லயத்துச் சாக்கடை சதுப்பை அடைகிறது.

புதன்கிழமை லயத்துக்குள் நுழைந்தபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினோரு கதவிலும் தாள் ஒட்டியிருந்தது. மாத முடிவில் காலி செய்ய வேண்டும். பாக் மாட்கூட அன்று தலையாட்டவில்லை. குடுவையும் கையுமாக நட்டநடுவில் நின்றேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பாக்கியம்தான் வெளியே வந்தார். குரல் உயரவில்லை. "எங்க காவாத் தண்ணி அம்பது அடி போறதுக்குள்ள மணல்ல எறங்கிடும் சார். பொறந்ததிலேருந்து பாக்குறேன். அங்க போவுதுன்னு நீங்க எப்படி எழுதுனீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. படித்த திமிரோடு நோட்டைத் திறந்து, அதில் ஒட்டி வைத்திருந்த வடிதாளைக் காட்டினேன். "இதோ பாருங்க, நான் போட்ட சாயம். சதுப்புத் தண்ணியில இருந்து வந்தது."

பாக்கியம் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மோந்து பார்த்தார். "எந்த எடத்துத் தண்ணி?"

"கரையில சாய்ஞ்ச மரம் ஒண்ணு இருக்கே, அங்க."

"அய்ய! ஞாயித்துக்கெழம கரகம் கரைச்சது அங்கதானே! அத்தன பேரும் மஞ்சத் துணிய அலசுனது அங்கதான். இது மஞ்சா சார்."

"இல்லம்மா, இது சாயம். விளக்குல மின்னிச்சு."

அவர் உள்ளே போய் வெற்றிலைப் பெட்டியை எடுத்து வந்தார். சுண்டுவிரலில் சுண்ணாம்பு தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்துத் தாளின் மஞ்சள்மேல் தடவினார். தடவிய இடம் சிவந்தது. குங்குமம் மாதிரி சிவந்தது.

"சாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு."

"ஆலத்தி எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"அப்ப மஞ்சாவும் சுண்ணாம்பும் கலந்தா என்னா ஆவும்னு தெரியாதா ஒங்களுக்கு?"

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். மஞ்சளும் அந்த ஒளியில் மின்னும், எனக்குத் தெரியும். நான் போட்ட சாயம் தண்ணீரோடு கரைந்து போகும், தாளில் இப்படித் தங்காது, அதுவும் தெரியும். மஞ்சள் தண்ணீர் ஊற்றப் போகிறோம் என்று என்னை நேரில் கூப்பிட்டே சொன்னார்கள். ஒரு வெள்ளைக்காரன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் பாவம், அவனுக்கு என்ன தெரியும் என்று விடலாம். சுண்ணாம்பு மாதிரிக் காரமும் மஞ்சளும் சேர்ந்தால் சிவக்கும் என்று ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்த தமிழன் நான். அன்று அந்தத் திருவிழாவுக்குப் போயிருந்தால் பதினோரு கதவில் தாள் ஒட்டியிருக்காது.

"தப்பு என்னோடதுதான்மா. மன்னிச்சிருங்க. மாத்தி எழுதுறேன்" என்றேன்.

"மொதல்ல எழுதுங்க" என்று சொல்லிவிட்டு பாக்கியம் உள்ளே போனார்.

அதிகாரி கதையைக் கேட்டு நெற்றியைத் தேய்த்தார். சுண்ணாம்புக் கதையை அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைத்தது தனிக் கூத்து. கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்: "சாக்கடை இல்லையென்றால் அழுக்கு வேறு எங்கிருந்து வருகிறது என்று உங்கள் எட்டு வாரம் முடிவதற்குள் காட்டுங்கள். அதுவரை அவர்களை வெளியேற்ற மாட்டேன். காட்டாவிட்டால் உங்கள் முதல் கடிதம்தான் நிற்கும்."

அந்த வாரம் என் மனைவிக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது. இரண்டே வரி. "அன்றைக்கும் நீங்கள் ஆரத்தித் தட்டைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." அதை ஷாகுல் பாயிடம் படித்துக் காட்டினேன். மூன்று மேஜை காத்திருக்க, அவர் நின்று சிரித்தார். அன்று எனக்கு ஒரு முட்டை அதிகமாக விழுந்தது.

அடுத்து மேற்குப் பக்கம் போனேன். சுரங்கத்துக் குளத்தை அங்கே லொம்போங் என்கிறார்கள். பார்க்க அழகோ அழகு. நீலமாக, ஒரு பாசி இல்லாமல். தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்தக் குளம் சதுப்பைவிட மேட்டில் இருந்தது. சுற்றிலும் ஈயம் அரித்துக் கழித்த வெள்ளை மணல். மணலுக்கடியில் தண்ணீர் ஓடினால் யாருக்குத் தெரியும்? கரை மணலில் குழிகள் தோண்டி இந்தத் தடவை சிவப்புச் சாயம் ஊற்றினேன். பாக் மாட் கேட்காமலே மண்வெட்டியைப் பிடித்தார்.

ஒன்பதாம் நாள் சதுப்பின் மேற்குக் கரையில் சிவப்பு வந்தது. செத்த மீன்கள் மிதந்ததும் அந்தக் கரையில்தான். எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. முறைப்படி சுற்று வட்டாரத்தில் எல்லாத் தண்ணீரையும் பார்த்துவிட வேண்டும் என்பதால், சதுப்பின் தெற்குக் கோடியைச் சுற்றிப் போய் லயத்துக் கிணற்றிலும் ஒரு குடுவை எடுத்தேன். மாடியில் போர்வைக்குள் விளக்கைக் காட்டினேன். கிணற்றுத் தண்ணீரும் மின்னியது. மஞ்சளாக இருக்க வழியே இல்லை. குழியில் ஊற்றிய சிவப்புச் சாயத்தின் ரோஜா நிறத்தில் மின்னியது.

அந்தக் குடுவையை ஈப்போவில் ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். ஐந்து நாளில் சொன்னார்கள். கிணற்றில் ஆர்சனிக் என்கிற பாஷாணம் இருந்தது. ஒரேயடியாகக் கொல்கிற அளவு இல்லை. வருஷக்கணக்கில் குடித்தால் தோலில், ஈரலில் வேலையைக் காட்டுகிற அளவு. குளத்து மணலில் இருந்து இறங்கி, சதுப்புக்கு அடியிலேயே ஓடி வந்தது.

முதல் செய்தியை அதிகாரியிடம் தொலைபேசியில் சொன்னேன். சாக்கடை குற்றவாளி இல்லை, சுரங்கத்துக் குளம்தான். "அப்படியானால் வீடுகள் இருக்கட்டும், தாளைக் கிழிக்கச் சொல்கிறேன்" என்றார். இரண்டாவது செய்தி என் வாய்வரை வந்து நின்றுவிட்டது. கிணறு கெட்டது என்று சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒதுக்கிய எல்லைக்குள் புதிதாகக் குழாய் போட முடியாது, ஆகவே அவர்களை அங்கே இருக்க விட முடியாது.

கிளம்ப இரண்டு நாள் இருந்தது. லயத்துக்குப் போனேன். கதவுகளில் தாள் இல்லை. ஒரு வீட்டில் ரேடியோ சத்தமாகப் பாடியது. "வாங்கண்ணே!" என்றார் பாக்கியம். எட்டு வாரத்தில் முதல் தடவையாக அண்ணே என்றார். 

நின்றபடியே சொன்னேன். கிணற்றில் என்ன இருக்கிறது, எங்கிருந்து வருகிறது, அதை எழுதினால் என்ன ஆகும், எல்லாம். கடைசியில் ஒன்று சொன்னேன், இன்றும் நினைத்தால் கூசுகிறது: "நான் எழுதலன்னா யாருக்கும் தெரியாதும்மா."

பாக்கியம் குழந்தையைப் பார்த்தார். அது கைலி நுனியைப் பிடித்துக்கொண்டு என் ஃபிளாஸ்க்கையே பார்த்தது.

"எனக்குத் தெரியும்லண்ணே" என்றார் பாக்கியம். ஃபிளாஸ்க்கைக் காட்டி, "அதுக்குத்தான் இங்க தண்ணி குடிக்கலயா நீங்க?"

"அப்ப இது தெரியாது. எந்தத் தண்ணியா இருந்தாலும் சோதிக்காம குடிக்கிறதில்ல. அத அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்லா. நாங்க வேற மாதிரி நெனச்சிட்டோம்." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வாங்க. எல்லார்ட்டயும் பேசிட்டுச் சொல்றேன்."

மறுநாள் போனபோது ரேடியோ பாடவில்லை. பதினோரு வீட்டு ஆட்களும் கிணற்றடியில் நின்றார்கள். கிணற்றின்மேல் பழைய தகரக் கதவு ஒன்றைப் போட்டு, அதன்மேல் நாலு செங்கல் வைத்திருந்தார்கள். பாக்கியத்தின் புருஷன் லாரியோடு வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்க போகச் சொல்லுவாங்க?" என்று கேட்டார் பாக்கியம்.

"குனோங் ராபாட் பக்கம் வீடு தரலாம்னு முன்னாடி ஒரு பேச்சு இருந்தது. எல்லாருக்கும் ஒரே எடத்துல கெடைக்குமான்னு தெரியல."

"கெடைக்காது" என்றார். சண்டையாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். "எழுதுங்கண்ணே. ரெண்டையும் எழுதுங்க. அழுக்கு எங்களோடது இல்லங்கறத மொதல்ல எழுதுங்க."

"அப்படியே எழுதுறேன்."

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு டம்ளர் தேநீர். என் கை பழக்கதோஷத்தில் ஃபிளாஸ்க்குக்குப் போனது.

"கோப்பெங் பைப்புத் தண்ணிண்ணே" என்றார். "விடியக்காலையிலயே சைக்கிள்ல போயி ரெண்டு டின் புடிச்சிட்டு வந்தேன். ஒண்ணு பிள்ளைக்கு. ஒண்ணு ஒங்களுக்கு."

வாங்கிக் குடித்தேன். பதினோரு வீட்டு ஆட்களும் நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வீட்டைக் காலி செய்யவைக்கிற கடிதத்தை எழுதப் போகிறவன் நான். கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"சீனி பத்துமாண்ணே?" என்று கேட்டார் பாக்கியம்.

பத்தும் என்றேன்.